கொழும்பில் பருவகாலம் இல்லை என்று எழுதினேன்

மகனுக்கு,

நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் பதில் எழுதுவாய், தம்பி. அதனால் கேட்கவில்லை. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். அம்மாவின் பிரஷர் அளவாக இருக்கிறது. மூன்று வாரமாக அவள் என்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை. தேத்தண்ணி மேசைக்கு வரும், சாப்பாடு வரும், கதை வராது. காரணம் உனக்குத் தெரியும், ஆனால் அரைவாசிதான் தெரியும். மிச்சத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம் என்று இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தேன். இரண்டு தரமும் திரும்ப மேசையில் வைத்தேன். எழுதினால் எனக்கு ஓடும். கோட்டையில் ஒரு கம்பனியில் நாற்பது வருடம் கிளார்க்காக இருந்து எழுதித்தான் உங்களை வளர்த்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் நீ எடுத்தாய். நான் பேப்பரோடு இருந்தேன். "அப்பா, டொக்டர் அனுப்பின அந்தப் போமிலை நீங்கள் என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டாய். உள்ளதைத்தான் எழுதினேன் என்று சொன்னேன். "எல்லாக் கேள்விக்கும் இல்லை எண்டு போட்டிருக்கிறியள் அப்பா. டொக்டர் வாசிச்சுக் காட்டினவ. சின்ன வயசிலை ஒண்டுமே இல்லாட்டி இந்த வருத்தம் எண்டு சொல்லேலாதாம். திரும்ப ஒக்டோபரிலைதான் வரட்டாம்." நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுகம். நீ "சரி அப்பா, வைக்கிறன்" என்றாய். நான் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீ வைத்துவிட்டாய். அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உன்னுடைய வருத்தம் என்னவென்று எனக்குத் தெரியாது என்று நீ நினைக்கலாம். தெரியும். கவனம் ஓரிடத்தில் நிற்காத நோய். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, வளர்ந்தவர்களுக்கும் இருக்குமாம். ஆனால் வளர்ந்த பிறகு வந்ததா, சின்னதிலிருந்தே இருந்ததா என்று பார்ப்பதற்குத் தாய் தகப்பனைக் கேட்பார்களாம். நீ நோர்வேக்குப் போய்ப் பதினொரு வருடம். நீ இருக்கும் அந்த வடக்கு ஊரில் கார்த்திகை மாதக் கடைசியில் மறையும் சூரியன் தை மாதம் பாதி போகும்வரை எழும்பாது. ஆனி ஆடியில் மறையவே மாட்டாது. இந்தப் பதினொரு வருடமும் உன் போன்கள் எப்படி வந்தன என்று இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். கோடையில் நீ நித்திரையில்லாமல் கதைப்பாய். படகு கட்டப் படிக்கிறேன் என்பாய், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கிவிட்டேன் என்பாய், கிற்றார் வாங்கினேன் என்பாய். குளிர் தொடங்கியதும் போன் நின்றுவிடும். வீட்டில் ஒரு சுவர் பச்சை, மற்றச் சுவர் வெள்ளை, அப்படியே கிடக்கும். வந்த கடிதங்கள் உடைபடாமல் கிடக்கும். எங்களை மறந்துவிட்டான் என்று நான் அம்மாவிடம் சொல்வேன்.

போன கார்த்திகையில் நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை, மருமகள்தான் சொன்னாள். வேலை முடிந்து நேசரிக்குப் போய்ப் பேத்தியைக் கூட்டிவர வேண்டிய நீ, அலுவலக வாசலில் காருக்குள் எஞ்சினைப் போட்டபடி ஒன்றரை மணித்தியாலம் இருந்திருக்கிறாய். பிள்ளை குளிருடுப்பு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டபடி ஒரு ரீச்சரோடு கதவடியில் நின்றிருக்கிறாள். பிறகு இன்னொரு நாளும் அப்படி. வேலையிலிருந்தும் எழுத்தில் எச்சரிக்கை வந்ததாம். "மாமா, எனக்கு அவரிலை கோபமில்லை. ஆனா இன்னொரு விண்டர் இப்பிடி எண்டா நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு அக்காட்டைப் போயிடுவன். டொக்டர் மருந்து தந்தா சமாளிக்கலாம் எண்டுதான் பாக்கிறன்" என்றாள். மருந்து அந்தப் படிவத்தில் தொங்கியது. படிவம் என் மேசையில் இருந்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் இல்லை இல்லை என்று புள்ளடி போட்டேன்.

எனக்குப் படிவம் நிரப்பத் தெரியாது என்று இந்த ஒழுங்கையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நீ சின்னவனாக இருந்த யுத்த நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று பொலிஸில் பதிந்து, அவர்கள் தரும் துண்டுக் கடதாசியை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அரைவாசிப் பேருக்கு நான்தான் எழுதினேன். எனக்கு இரண்டு சட்டம் இருந்தது. ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. இரண்டாவது கேள்வி வரக்கூடிய எதையும் எழுதக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் காலில் காயத்தோடு வைத்தியத்துக்கு வந்தால், வந்த காரணம் "கண் பரிசோதனை". கண் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். கால் என்றால் எப்படிக் காயம், எங்கே காயம், யாரோடு நின்றாய் என்று போகும். நான் எழுதிய படிவத்தால் ஒருவரும் உள்ளே போனதில்லை என்று எனக்கு ஒரு பெருமை. உன்னுடைய டொக்டரின் படிவம் வந்தபோதும் பேனை அதே மாதிரித்தான் ஓடியது. அம்மா பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பொருட்களைத் துலைக்கிறவனோ எண்டு கேட்டிருக்கு. இல்லையெண்டு போடுறியள்?"

"எல்லாப் பிள்ளையளும் துலைக்குந்தான்."

"ஒரு கிழமையிலை மூண்டு குடையோ?"

"நீ சும்மா இரு. நாளைக்கு இது அவன்ர வேலைக்குப் போனா? பைத்தியம், விசரன் எண்டு பதிஞ்சு வைக்கவோ?"

"அது டொக்டரப்பா. பொலிஸ் இல்லை."

நான் பக்கத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், வருடத்தின் சில காலங்களில் இது கூடுகிறதா குறைகிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. கொழும்பில் பருவகாலம் இல்லை, வருடம் முழுக்க ஒரே வெயில்தான் என்று எழுதினேன். நல்ல பதில் என்று நினைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வைகாசி பிறந்தா இந்த வீட்டிலை நடக்கிற கூத்து அவைக்குத் தெரியாதுதானே" என்றாள்.

அந்தக் கூத்தை இப்போது எழுதுகிறேன். இதை நீ மொழிபெயர்த்து டொக்டரிடம் கொடு. நம்முடைய பிளட் வீடு மூன்றாம் மாடி, கடல் பக்கம். வைகாசியில் தென்மேல் காற்று தொடங்கினால் மழை யன்னலுக்குள்ளால் நேரே கட்டிலுக்கு வரும், உப்பும் சேர்ந்து வரும். மூன்று மாதத்துக்குப் பலகை யன்னல்களைச் சாத்தி, இடுக்குக்குள் பேப்பரை மடித்துச் செருகிவிடுவோம். பகலிலும் லைற். அந்த மூன்று மாதமும் நீ காலையில் எழும்பமாட்டாய். இரவில் உனக்குக் கண் மூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு அம்மா குனிந்திருந்து சப்பாத்துப் போட்டுவிடுவாள். ஒரு காலுக்குச் சொக்ஸ் இருக்கும், மற்றக் கால் சொக்ஸை நீ கையில் வைத்துக்கொண்டு அதைத் தேடுவாய். ஒரு நாள் பின்னேரம் சந்திக் கடைக்குப் பாண் வாங்க அனுப்பினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து நான் தேடி வந்தபோது நீ வெள்ளவத்தை ஸ்டேசன் மேடையில் நனைந்துபோய் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பாண் எங்கே என்று கேட்டதற்கு, "என்ன பாண்?" என்றாய். நீ பகிடி விடுகிறாய் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்து, கோடு போடும் அடிமட்டத்தால் அடித்தேன். நீ உண்மையாகத்தான் கேட்டாய் என்று இப்போது விளங்குகிறது.

பள்ளிக்கூட ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அலுமாரிக்கு மேலே இருந்த மண்ணிற சூட்கேஸை இறக்கினேன். மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாம் இருந்தது. கட்டிலில் வரிசையாகப் பரப்பினேன். முதலாம் தவணை வகுப்பில் ஐந்தாம் பிள்ளை, இரண்டாம் தவணை இருபத்தேழு, மூன்றாம் தவணை எட்டு. அடுத்த வருடம் நாலு, முப்பத்தொன்று, ஆறு. அதற்கடுத்த வருடமும் அதே கதை. வைகாசியிலிருந்து ஆடி வரைதான் இரண்டாம் தவணை. எல்லாவற்றிலும் ரீச்சர் "கவனம் போதாது" என்று எழுதியிருக்கிறா. எல்லாவற்றிலும் அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்தேன். ஒரு நாளும் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. படிவத்தோடு ஒன்றையும் அனுப்பவுமில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போக எடுக்கும் ஏ.எல். சோதனையையும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த அடுத்த வருடம். கனடாக்காரர், லண்டன்காரர் எல்லாரும் ஒரேயடியாக வந்த வருடம். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போக முதலும் பிறகும் எல்லோருக்கும் வெள்ளவத்தையில்தான் இறக்கம். முன்னறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு உன்னையும் உன் மேசையையும் உள்ளறைக்குத் தள்ளினேன். அந்த அறைக்குக் காற்றோட்டத்துக்கு ஒரு ஓட்டை மட்டும்தான், வெளிச்சம் இல்லை. ஆவணியில் உனக்குச் சோதனை. வந்து நின்ற பெரியம்மா ஆக்களுக்கு எயர்கண்டிஷன் இல்லையே என்று கவலைப்பட்டேன், உன்னைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. மாதிரிச் சோதனைகளில் நீ எடுத்த புள்ளிக்கும் கடைசியில் வந்ததுக்கும் சம்பந்தமே இல்லை. மழையா, இருட்டா, நித்திரையா, சனக்கூட்டமா, எதனால் என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. அதை டொக்டர் சொல்லட்டும். நான் கண்டதை எழுதுகிறேன்.

வைகாசி பிறந்தால் அம்மா வாசலில் ஒரு சின்ன மேசை போடுவாள், ஞாபகமிருக்கிறதா? இரண்டு குடை, இரண்டு சாப்பாட்டுப் பார்சல், முகம் துடைக்க இரண்டு லேஞ்சி. கதவடியில் நின்று, "அப்பனும் மகனும் காட்டுங்கோ பாப்பம்" என்று செக் பொயின்ற்காரர் மாதிரி எங்கள் இருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். நீ சிரிப்பாய். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஏன் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது என்று நான் கேட்டதில்லை. கம்பனியில் வேலைப் பிழைக்கு எனக்கு வந்த மெமோ எல்லாம் ஆனி, ஆடித் திகதியில்தான் இருக்கும். மற்ற மாதங்களில் நான் மூன்று பேரின் வேலை செய்வேன்.

இனித்தான் சொல்ல வேண்டியது. உனக்கு அப்போது எட்டு வயது. ஆனி மாதம், மழை. எங்கள் வீட்டுப் பொலிஸ் துண்டைப் போட்டோகொப்பி எடுத்து வரச்சொல்லிக் காலி வீதிக் கொமியூனிகேஷன் கடைக்கு உன்னை அனுப்பினேன். அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது. நான் பஸ்ஸில் கோட்டைக்குப் போனேன். செக் பொயின்றில் இறக்கி, "பொலிஸ் ரிப்போர்ட் எக கோ?" என்று சிங்களத்தில் துண்டைக் கேட்டார்கள். சட்டைப் பையில் துண்டு இல்லை. பின்னேரம் ஐந்து மணிவரை ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. சும்மா இருந்தேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், நான் இருக்கும்வரை அவர்கள் வெளியே வரவில்லை. வீட்டுச் சொந்தக்கார ஹாஜியார் அம்மாவோடு வந்து சிங்களத்தில் கதைத்து என்னை எடுத்தார். வீட்டுக்கு வந்தேன். நீ கதவடியில் நின்றாய். நான் பெல்ற்றைக் கழற்றினேன். "நான் தந்தனான் அப்பா. உங்கட கையிலைதான் தந்தனான்" என்றாய். "பொய்யும் சொல்லுறியோ" என்று, அந்தப் பொய்க்காகவும் சேர்த்து அடித்தேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எது காணாமல் போனாலும் "அண்டைக்கு மாதிரி" என்றுதான் சொல்வோம். காலப்போக்கில் நீயும் அதை நம்பிவிட்டாய். உன் கலியாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, "அப்பாவைப் பொலிசுக்கு அனுப்பின மகன் நான்" என்று பகிடி விட்டாய். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரிப்போர்ட்டுகளை எடுத்த அதே சூட்கேஸில் அடியில் என் பழைய மழைக்கோட்டு கிடந்தது. அந்த வருடம் அதன் சிப் போய்விட்டது. பிறகு தைப்போம் என்று நான்தான் உள்ளே வைத்தேன், தைக்கவில்லை. தூக்கியபோது உள்பையில் ஏதோ மடமடத்தது. பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்த துண்டு. அதற்குள் அதன் போட்டோகொப்பி. இரண்டும் ஒன்றாக இருந்தது, தம்பி. நீ போய், கொப்பி எடுத்து, மழையில் நனையாமல் கொண்டு வந்து என்னிடம் தந்திருக்கிறாய். நான் அதை நனையாமல் இருக்கக் கோட்டுக்குள் வைத்திருக்கிறேன். காலையில் மழை இல்லாததால் கோட்டைப் போடாமல் போயிருக்கிறேன். வைத்தது எனக்கு இப்போதும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. கேத்தலைப் போட்டேன். தேத்தண்ணி குடித்தேன். டிவியில் கிரிக்கெட் போனது, பார்த்தேன். பிறகு துண்டைத் திரும்பக் கோட்டுப் பைக்குள் வைத்து, சூட்கேஸை மேலே ஏற்றிவிட்டு, உன் படிவத்தை நிரப்ப மேசையடியில் இருந்தேன். ஆகவே மேலே பழக்கத்தால் எழுதினேன் என்று சொன்னது முழுக்கச் சரியில்லை. பொருட்களைத் தொலைப்பவனா என்ற கேள்விக்குக் கீழே உதாரணம் தருக என்று ஒரு கோடு இருந்தது. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்றுதான். அது என்னுடையது. அதற்காகவே எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டேன். அன்றிலிருந்து எனக்குள் ஒன்றும் அசைவதாக இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல என்னை நானே தொட்டுப் பார்க்கிறேன்.

நேற்றுத்தான் அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தாளையும் வாசித்தாள். மடித்தாள்.

"அண்டைக்குப் பிள்ளைக்கு எத்தினை அடி அடிச்சனீங்கள்?"

"ஆறு இருக்கும்."

"எட்டு" என்றாள். எழும்பிப் போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தாள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். இருந்தும் தகப்பன் என்றபடியால் இரண்டொன்று சொல்கிறேன். இருட்டு வந்த பிறகு ஒழுங்கு செய்ய உன்னால் ஏலாது, இப்போதே செய். அந்த மாதங்களில் பேத்தியைக் கூட்டிவரும் வேலையை மருமகளிடம் கொடு, சூரியன் மறையாத மாதங்களில் அவளுடைய பாரத்தை நீ எடு. அவளிடம் வாய்விட்டுக் கேள், வெட்கப்படாதே. மத்தியானத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் வெளியே நில். டொக்டர் விளக்குத் தந்தாலும் குளிசை தந்தாலும் பாவித்து வா. வாசலில் ஒரு மேசை போடு. பேத்தியும் நாளைக்கு எதையாவது தொலைப்பாள். அப்போது அவள் "நான் தந்தனான் அப்பா" என்று சொன்னால், முதலில் உன் பைகளைத் தேடிப் பார்.

மன்னிப்பு என்று ஒரு பந்தி எழுதினேன். வாசித்துப் பார்த்தால், ஆட்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் மாதிரியே இருந்தது. வெட்டிவிட்டேன். அதற்குப் பதிலாகப் படிவத்தைத் திரும்ப நிரப்பியிருக்கிறேன். ரிப்போர்ட்டுகளும் துண்டும் கொப்பியும் இதற்குள் இருக்கின்றன. நாளைக் காலை கூரியரில் போடுகிறேன், ஒக்டோபருக்கு முதல் வந்துவிடும். கூரியர் கடைக்கு அம்மாவும் வருகிறாள். நான் தனியாகக் கொண்டுபோனால் எங்காவது வைத்துவிடுவேன் என்கிறாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அது.

பழைய பதில்களை அழிக்கவில்லை. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சிறு கையெழுத்து வைத்து, புதியதை எழுதியிருக்கிறேன். வருடத்தின் சில காலங்களில் கூடுகிறதா? ஆம், வைகாசி முதல் ஆடி வரை, யன்னல் பூட்டியிருக்கும் மாதங்களில். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? ஆம், தந்தைக்கு, வயது எழுபத்தொன்று, இதுவரை யாரும் பரிசோதிக்கவில்லை. பொருட்களைத் தொலைப்பவனா? அடிக்கடி. குடை, பாண், சொக்ஸ், தண்ணிப் போத்தல் என்று உதாரணங்களை வரிசையாக எழுதினேன். கோடு முடிந்த பிறகும் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. இரண்டாவது கேள்வி வரக்கூடிய ஒன்றை என் ஆயுளில் முதல் தரமாக அந்த இடத்தில் எழுதினேன்.

அந்தத் துண்டை மகன் தொலைக்கவில்லை. என் கையில்தான் தந்தான்.

அப்பா